உள்வெப்பத்தை அளப்பது யார், எதற்காக?

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்காக நடத்தப்பட்ட கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை தொடங்கிவிட்டால் செய்தித்தாள்களில் ஊர்ப்பெயரும் அதன் எதிரே ஓர் எண்ணும் நாள்தோறும் அச்சாகின்றன. 2016 மே மாதத்தில் இராஜஸ்தானின் பலோடி என்ற சிற்றூர் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டபோது அந்த ஊரின் பெயர் உலகெங்கும் அடிபட்டது. அந்த எண் காற்றின் வெப்பநிலை. வெள்ளை பூசிய மரப்பெட்டிக்குள், நேர்வெயில் படாமல், காற்று புகுந்து வெளியேறும்படி வைக்கப்பட்ட வெப்பமானி தெரிவிக்கும் எண். வானிலையை ஆராய்வதற்கு அதுவே சரியான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எவரும் வேலை செய்வதில்லை. தகரக் கூரைக்குக் கீழே துணி தேய்ப்பவருக்கும், செங்கல் சூளையின் மேல் நடப்பவருக்கும், பத்தாவது மாடியில் சென்ட்ரிங் கம்பி கட்டுபவருக்கும் அந்த எண் ஓரளவே பொருந்தும்.

இன்று பேச எடுத்துக்கொண்டது வேறோர் எண். உடம்பின் ஆழத்தில், இதயத்தையும் மூளையையும் ஈரலையும் சூழ்ந்துள்ள குருதியின் வெப்பநிலை. ஏறத்தாழ 37 டிகிரி. 1868இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ், இருபத்தையாயிரம் நோயாளிகளின் அக்குளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து இந்த 37ஐ நிலைநிறுத்தினார். அவருடைய வெப்பமானி ஏறக்குறைய ஓர் அடி நீளம். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆல்பட் என்ற மருத்துவர் ஆறு அங்குல வெப்பமானியைச் செய்வித்த பிறகே அது மருத்துவரின் சட்டைப்பைக்குள் வந்தது.

ஆங்கிலத்திலிருந்து கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணுக்கு என்ன பெயரிடுவது என்பதே முதற்சிக்கல். ‘மைய வெப்பநிலை’ என்று சிலர் எழுதுகிறார்கள்; உடம்புக்கு வட்டத்தைப் போல மையம் எதுவும் இல்லையாதலால் அது எனக்கு உவப்பாக இல்லை. ‘உள்வெப்பம்’ என்றே இந்த உரையில் சொல்லிச் செல்கிறேன். ஆனால் இன்னொரு சொல்லில் தமிழ் நமக்குப் பெருந்துணை செய்கிறது. வெயில் வேறு, புழுக்கம் வேறு என்று நம் மக்கள் பிரித்தறிகிறார்கள். நெல்லை நீராவியில் வேகவைத்து எடுப்பது புழுங்கல். அதே வேரிலிருந்து வருவது புழுக்கம். காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை ஆவியாக இடமின்றி, உடம்பு நெல்லைப் போல வேகும் நிலை அது. அறிவியலார் ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்று சொல்வது இந்தப் புழுக்கத்தின் அளவைத்தான். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது எவ்வளவு தூரம் குளிர முடிகிறது என்று அது காட்டுகிறது. வியர்த்த உடம்பு அதைவிடக் கீழே குளிர இயலாது.

இனி ஒரு சிறு கணக்கு. உழைக்கும் உடம்பு ஓர் எந்திரம் என்று முதலாளிகள் எண்ணுவதுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் அது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக வெளிப்படுகிறது. மீதி நான்கு பங்கு வெப்பமாக உடம்புக்குள்ளேயே பிறக்கிறது. மண்வெட்டியோ மூட்டையோ எடுத்துக் கடினமாக உழைக்கும் ஒருவரின் உடம்பில் நொடிக்கு 350 ஜூல் அளவுக்கு வெப்பம் பிறக்கிறது என்று கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ள உடம்பு ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 210 கிலோஜூல் போதும். பிறக்கும் வெப்பம் துளியும் வெளியேறாவிட்டால் பத்தே நிமிடத்தில் உள்வெப்பம் ஒரு டிகிரி ஏறிவிடும்; நாற்பது நிமிடத்தில் 41. அப்படி நேராமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியானால் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நெற்றியிலிருந்து வழிந்து நிலத்தில் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை. உடம்பு தண்ணீரை இழந்ததுதான் மிச்சம்.

காய்ச்சலில் உடம்பு சுடுவதும் வெப்பத்தில் உடம்பு சுடுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலின்போது மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் தானே இலக்கை உயர்த்தி வைக்கிறது. ஆகவே மாத்திரை அந்த இலக்கை இறக்க முடிகிறது. வெப்பத்தாக்கில் இலக்கு 37லேயே நிற்கிறது. உடம்புதான் அதைக் காத்துக்கொள்ள முடியாமல் தோற்கிறது. அதனால் பாராசிட்டமால் இங்கே பயன்படாது. கட்டுமானத் தளங்களில் மயங்கியவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைப்பது இன்றும் நடக்கிறது. தோழர்கள் அதைத் தடுக்க வேண்டும்.

அப்படியானால் இந்த உள்வெப்பத்தை எங்கே, எதைக்கொண்டு அளப்பது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வாயில் நாக்குக்கு அடியில் வைக்கலாம். ஆனால் சற்றுமுன் தண்ணீர் குடித்திருந்தாலோ, மூச்சிரைத்து வாயால் சுவாசித்தாலோ எண் கீழே இறங்கிவிடும். வேலை செய்து களைத்தவர் இரண்டையுமே செய்வார். அக்குளில் வைத்தால் தோலின் வெப்பத்தையே பெரிதும் சொல்லும். காதுக்குள் காட்டும் கருவி செவிப்பறையை நேராக நோக்கினால் நன்று. காது மடிப்பும் அழுக்கும் வெளிக்காற்றும் அதைக் குழப்பும்.

கொரோனா காலத்தில் ஆலை வாசல்தோறும் நெற்றியை நோக்கி நீட்டப்பட்டதே, ஒரு துப்பாக்கி போன்ற கருவி, அதை நினைவில் வைத்திருப்பீர்கள். அது தோலின் மேற்பரப்பு வெப்பத்தை அளந்து, ஒரு கணக்கின் மூலம் உள்வெப்பத்தை ஊகிக்கிறது. நிழலில் அமர்ந்திருப்பவருக்கு அந்த ஊகம் ஓரளவு சரிவரும். வியர்வையில் நனைந்த நெற்றிக்கு அது பொய் சொல்லும். வியர்வை ஆவியாகும்போது நெற்றி குளிர்கிறது. உள்ளே 40 டிகிரியில் கொதித்துக்கொண்டிருப்பவருக்குக்கூட 36 என்று காட்டக்கூடும். கொரோனாவுக்குப் பிறகு மிஞ்சிய இந்தக் கருவியைக் கொண்டு மேற்பார்வையாளர் ஒருவர், ‘காய்ச்சல் இல்லை, எழுந்து வேலையைப் பார்’ என்று சொல்வாரானால் அவர் அறியாமலேயே ஒரு கொலைக்கு உடந்தையாகிறார்.

நம்பத்தக்க இடங்கள் இரண்டு. ஒன்று உணவுக்குழாய்: மூக்கின் வழியே ஒரு மெல்லிய கம்பியை இதயத்தின் மட்டத்துக்கு இறக்கினால் குருதியின் வெப்பம் மாறுவது உடனுக்குடன் தெரியும். ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றது, வேலைத்தளத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாது. மற்றொன்று மலக்குடல்: பத்து சென்டிமீட்டர் உள்ளே செலுத்தப்படும் உணரி சற்றுத் தாமதமாகச் சொன்னாலும் உண்மையைச் சொல்லும். வெப்பத்தாக்கால் மயங்கியவருக்கு மருத்துவமனையில் எடுக்கவேண்டிய அளவு இதுவே என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கலாம். உயிர் போகும் வேளையில் கூச்சத்துக்கு இடமில்லை. ஆனால் விழிப்போடு இருக்கும் தொழிலாளியிடம், குறிப்பாகப் பெண் தொழிலாளியிடம், வேலைத்தளத்தில் இதை எவரும் கேட்கக் கூடாது.

இவற்றுக்கு மாற்றாக வந்தது விழுங்கும் மாத்திரை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகமும் விண்வெளி நிறுவனமான நாசாவும் 1980களில் உருவாக்கியது. உள்ளே வெப்பநிலைக்கேற்ப அதிர்வு மாறும் படிகமும் மின்கலமும் இருக்கின்றன. வெளியே இடுப்பில் கட்டிய கருவிக்கு அது வானொலி அலையால் செய்தி அனுப்புகிறது. 1998இல் 77 வயதில் மீண்டும் விண்வெளிக்குச் சென்ற ஜான் கிளென் அதை விழுங்கிச் சென்றார். அளவெடுப்பதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே விழுங்க வேண்டும். இல்லையேல் இரைப்பையில் தங்கி, குடிக்கும் தண்ணீரின் குளிர்ச்சியைக் காட்டும். ஒருமுறைதான் பயன்படும். ஒரு மாத்திரையின் விலை, அதை விழுங்கவேண்டிய கட்டடத் தொழிலாளியின் பல நாள் கூலி.

கருவிகளைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொன்னது, அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதனால். அந்த வரலாற்றின் பெரும்பகுதி பூமிக்கு அடியில் நடந்தது.

1905இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கார்ன்வாலின் ஆழமான தகரச் சுரங்கங்களில் இறங்கியும், சூடான அறைகளில் தானே அமர்ந்தும், தன் மலக்குடல் வெப்பத்தை மணிக்கணக்கில் அளந்து அவர் கண்ட முடிவு எளியது. காற்றின் வெப்பம் முடிவு செய்வதில்லை; ஈரக்குமிழே முடிவு செய்கிறது. அசையாத காற்றில், மேலாடையின்றி, வேலை எதுவும் செய்யாமல் இருப்பவருக்கே ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால் உள்வெப்பம் நிற்காமல் ஏறத் தொடங்குகிறது. காற்று வீசினால் சற்றுக் கூடுதலாகத் தாங்கலாம். உடலுழைப்பு சேர்ந்தால் அந்த எல்லை பல டிகிரி கீழிறங்கிவிடும். பிறரை அறைக்குள் அடைத்து அளப்பதற்கு முன் தன்னையே அடைத்து அளந்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. தந்தையோடு சிறுவயதிலேயே சுரங்கங்களில் இறங்கியவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெய்லி ஒர்க்கர்’ ஏட்டில் தொழிலாளர்களுக்காக அறிவியல் எழுதியவர். 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். அவரைத் தோழர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இதே அளவீடு தென்னாப்பிரிக்காவில் வேறு முகம் காட்டியது. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள் ஆழமாக ஆழமாக, 1920களில் கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பத்தாக்கால் சாகத் தொடங்கினார்கள். சாவு என்பது நிர்வாகத்துக்கு ஆள்நட்டம். 1930களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர் ஒரு சோதனையை வகுத்தார். புதிதாக வந்த ஆட்களைச் சூடும் ஈரமும் நிறைந்த அறைக்குள் விட்டு, பாறைத் துண்டுகளை அள்ளிப் போடவைத்து, முன்னும் பின்னும் வாய்வெப்பத்தை அளந்தார்கள். வெப்பம் குறைவாக ஏறியவர் சூடான அடுக்குக்கு ஏற்றவர். மிகுதியாக ஏறியவர் தகுதியற்றவர். பின்னர் பல நாட்கள் அதே அறையில் படியேறி இறங்க வைத்து உடம்பைப் பழக்கும் முறையும் வந்தது. இந்த முறைகளால் சாவுகள் குறைந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெப்பத்துக்கு உடம்பைப் படிப்படியாகப் பழக்குவது பற்றி இன்று மருத்துவ நூல்களில் உள்ள அறிவில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. ஆனால் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். சுரங்கத்தை மனிதனுக்கு ஏற்றதாக்க என்ன செய்வது என்பதல்ல, சுரங்கத்துக்கு ஏற்ற மனிதனைப் பொறுக்கி எடுப்பது எப்படி என்பதே அந்தக் கேள்வி. வாக்குரிமையும் சங்க உரிமையும் மறுக்கப்பட்ட மனிதனின் வாயில் வைக்கப்பட்ட வெப்பமானி அது.

நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது கோலார் தங்கவயல். அங்கிருந்து விடிகாலை இரயிலில் இங்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புபவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சென்ற மக்கள், பெரும்பாலும் தலித்துகள், ஜான் டெய்லர் கம்பெனிக்காகத் தோண்டிய சுரங்கம் அது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தாண்டும். பாறையின் சூட்டைத் தணிக்கவும் தூசியை அடக்கவும் தெளிக்கும் தண்ணீரே காற்றை ஈரமாக்கிப் புழுக்கத்தைக் கூட்டும்.

அங்கே தொழிலாளர்கள் மயங்கி விழுவதைப் பற்றி மருத்துவர் கேப்ளன் 1940களில் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அடுத்து லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து இன்னொரு சோதனை. அதன் தலைப்பைத் தமிழாக்கினால், ஆழ்சுரங்கத் தொழிலாளரின் வேலைத்திறன்மீது உயர்வெப்பத்தின் விளைவுகள் என்று வரும். வேலைத்திறன் என்ற சொல்லைக் கவனியுங்கள். இலண்டனின் சுரங்கப் பொறியாளர் சங்க ஏட்டில் வெளியானது அது. கேட்டவர்கள் யார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. இருந்தாலும் அக்கட்டுரைகளை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வெப்ப உடலியலின் தொடக்ககால ஆவணங்களில் நம் பாட்டன்மார்களின் உடம்பு இருக்கிறது. அவர்களின் பெயர் இல்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் நிற்கின்றன.

சரி, 1905லிருந்து அறிவியல் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது? 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால் மனித உடம்பு எந்த வழியிலும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்று கோட்பாட்டு அடிப்படையில் காட்டினார்கள். தோல் 35, காற்றின் ஈரக்குமிழும் 35 என்றால் வெப்பம் போவதற்கு இடமில்லை என்பது தர்க்கம். அந்த 35 உலகம் முழுவதும் பரவியது. நம் தோழர்கள் எழுதிய கட்டுரைகளிலும் அதைப் பார்க்கிறேன். ஆனால் 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களையும் இளம்பெண்களையும் நான் முன்பு சொன்ன மாத்திரையை விழுங்க வைத்து, வெப்ப அறையில் அன்றாட வீட்டுவேலையின் அளவுக்கு மட்டும் உடலை அசைக்கச் செய்து அளந்தார்கள். ஈரமான காற்றில் ஏறத்தாழ 30.6 டிகிரி ஈரக்குமிழிலேயே அவர்களின் உள்வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கியது. வறண்ட கடும் வெப்பத்தில் இன்னும் குறைந்த ஈரக்குமிழிலேயே. கோட்பாட்டு எல்லைக்கும் உடம்பு காட்டிய எல்லைக்கும் இடையே நான்கு டிகிரிக்கும் மேல் இடைவெளி. அவர்கள் வெப்பத்துக்குப் பழகாத குளிர்நாட்டு உடம்புகள், நம் தொழிலாளர்கள் பழகியவர்கள் என்று மறுத்துரைக்கலாம். அந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் நலமுள்ள இளையவர்கள், இலேசாக அசைந்தவர்கள், வயிறாரத் தண்ணீர் குடித்தவர்கள் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

ஹால்டேனின் 31. நூற்றுப்பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வந்த 30.6. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் சட்டத்தைத் திறப்போம். 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு ‘நியாயமான வசதி’ என்று பொதுவாகப் பேசியது. அதன்கீழ் வந்த மாதிரி விதிகள் வேலையறையின் ஈரக்குமிழ் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றன. எண் மோசமில்லை. அதை அளப்பவர் யார், எத்தனை முறை அளக்கிறார் என்பதே கேள்வி. 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளில் அந்த எல்லை 33.5. அதாவது 30.5ஐத் தாண்டினால் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வீசச் செய்தால் போதும், 33.5 வரை நிலக்கரி வெட்டலாம். காற்றோட்டம் உதவும் என்பதை ஹால்டேனே சொல்லியிருக்கிறார். ஆனால் கடினமாக உழைப்பவனுக்கு எல்லை பல டிகிரி கீழே இருக்கும் என்பதையும் அவரே சொன்னார். திறந்தவெளியில் உழைப்பவர்களோ இந்த எண் எதற்குள்ளும் அடங்குவதில்லை. கட்டடத் தொழிலாளி, வேளாண் தொழிலாளி, சுமைப்பணியாளர், உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஆகிய யாருக்கும் ‘இந்த எல்லையைத் தாண்டினால் வேலையை நிறுத்து’ என்று சொல்லும் எண் இல்லை. கேரளத்தில் கோடைமாதங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆணையிடுகிறது. நம் நாட்டவர் இலட்சக்கணக்கில் உழைக்கும் கத்தாரில், பன்னாட்டு நெருக்குதலுக்குப் பிறகு, 2021இல் வேலை நிறுத்தத்துக்கு ஓர் எண்ணையே சட்டமாக்கினார்கள். வெயில், புழுக்கம், காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் குறியீட்டில் 32.1.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1969இலேயே, நாள்தோறும் நெடுநேரம் கடின வேலை செய்பவரின் உள்வெப்பம் 38 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது என்று கூறியது. 37க்கும் 38க்கும் இடையில் ஒரே ஒரு டிகிரி. முன்னே போட்ட கணக்கில் அது 210 கிலோஜூல். தொழிலாளியின் உடம்பில் முதலாளி எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட இடம் அவ்வளவுதான். ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஆலைக்குள் செயற்கையாக உயர்த்தப்படும் வெப்பநிலையை மார்க்ஸ் தனியே எடுத்துச் சொல்வது தற்செயலன்று. வேலைநாளின் நீளத்துக்கு நடந்த போராட்டத்தைப் போலவே இந்த ஒரு டிகிரிக்கும் போராட்டம் நடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது சாவுக்கு வருவோம். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. முந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அந்த ஒரு மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்திருப்பதைக் கண்டார்கள். அவர்களில் மிகச் சிலருக்கே சான்றிதழில் வெப்பம் காரணமாக எழுதப்பட்டிருக்கும். ஏன்? வெப்பத்தாக்கு என்று உறுதிசெய்ய உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதற்கான அளவு வேண்டும், மூளை குழம்பியதற்கான அடையாளம் வேண்டும். வழியிலேயே இறந்தவருக்கு யாரும் அளக்கவில்லை. அடைந்தவருக்கும் அக்குளில் வைத்துப் பார்த்தார்கள், அல்லது பார்க்கவே இல்லை. நம் ஊர்க் கண்ணாடி வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும். அதற்குமேல் போனவருக்கு அதில் கோடே இல்லை. அளவு இல்லாத இடத்தில் ‘மாரடைப்பு’ என்று எழுதப்படுகிறது. அளவெடுக்காததால் நோய் இல்லை, நோய் இல்லாததால் இழப்பீடு இல்லை, இழப்பீடு இல்லாததால் பொறுப்பாளி இல்லை. ஒன்றிய அரசின் வெவ்வேறு துறைகள் தரும் வெப்பச் சாவுக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததில் வியப்பென்ன இருக்கிறது?

மாற்றம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 கோடையில் தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் வெப்பத்தாக்குக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. பனிக்கட்டி எந்திரமும், நோயாளியை மூழ்கவைக்கும் தொட்டிகளும் வைத்தார்கள். பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி அங்கே கொண்டுவரப்பட்டபோது அவர் உள்வெப்பம் 41 டிகிரியைக் கடந்திருந்தது. அவர் பிழைக்கவில்லை. காற்றாடிகூட இல்லாத அறையில் அவர் தங்கியிருந்ததாகச் செய்திகள் கூறின. ஆனால் அவர் சாவுக்கு ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை எவரும் மாரடைப்பு என்று மாற்றி எழுத முடியாது. அதே ஆண்டில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெப்பச் சாவுகளின் பிணக்கூறாய்வுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழிசெய்தது. ஆனால் அந்தப் பணமும் மருத்துவச் சான்றின் வழியாகத்தான் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

அளப்பதே இல்லை என்பது ஒரு கேடு. அளவு வேறொருவர் கையில் சிக்குவது மற்றொரு கேடு. நாடித்துடிப்பின் தொடர்ச்சியிலிருந்து உள்வெப்பத்தைக் கணிக்கும் ஒரு கணிதமுறையை அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். அது போன்ற முறைகளை வைத்து, கைப்பட்டையிலும் தலைக்கவசத்திலும் உணரி பொருத்தி ‘வெப்பப் பாதுகாப்பு’ என்று விற்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. சராசரியாகப் பார்த்தால் அவற்றின் கணிப்பு மோசமில்லை. தனி ஒருவருக்கு அரை டிகிரிக்கும் மேல் பிசகக்கூடும். அனுமதிக்கப்பட்ட இடமே ஒரு டிகிரி என்னும்போது அரை டிகிரிப் பிழை சிறிதல்ல. அதைவிடப் பெரிய கேள்வி, அந்த எண்கள் எங்கே போகின்றன என்பது. தொழிலாளியின் கைப்பேசிக்கா, மேலாளரின் திரைக்கா? அடிக்கடி எச்சரிக்கை காட்டும் பட்டைக்குரியவருக்கு நிழல் கிடைக்குமா, அடுத்த மாதம் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் பெயர் விடுபடுமா? சர்க்கரை நோயாளியும், கருவுற்ற பெண்ணும், ஐம்பது கடந்தவரும் முதலில் எச்சரிக்கை காட்டுவார்கள். ட்ரியோஸ்டியின் அறை இப்போது மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். உடம்பின் அடையாளம் நிர்வாகத்தின் கோப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கருவி வேண்டாம் என்பதல்ல நம் நிலை. எண் தொழிலாளியுடையது, சங்கத்துக்குத் தொகுத்த கணக்கு, நிர்வாகத்துக்கு வேலையை நிறுத்தும் கடமை மட்டுமே. பேச்சுவார்த்தை மேசையில் இந்த வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கருவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்று எளிய அளவுகளைக் கிளைகளே தொடங்கலாம். வேலையை நிறுத்தி அமர்ந்த உடனே மணிக்கட்டில் முப்பது நொடி நாடியை எண்ணி இரட்டிப்பாக்குங்கள். நிமிடத்துக்கு 110ஐத் தாண்டினால், ஓய்வு நேரம் அப்படியே இருக்க, அடுத்த வேலைச்சுற்றை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிறுவனங்கள் 1985இல் வகுத்த முறை. அதே முறையில், தண்ணீர் குடிக்கும் முன் எடுத்த வாய்வெப்பம் 37.6ஐத் தாண்டினாலும் அதே குறைப்பு. மூன்றாவது எடை: காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் குறைந்தால் தண்ணீரும் உப்பும் போதவில்லை. இந்த மூன்றாவது அளவு பெண் தோழர்களிடம் எதைக் காட்டும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். கழிப்பறை இல்லாத தளத்தில் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அந்தத் தராசு கழிப்பறைக் கோரிக்கைக்கான சான்றாவணமும் ஆகும். புதிதாக வேலைக்கு வருபவர் முதல் நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயிலில் நிற்க வேண்டும், நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்ட வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட விதி. நாட்கூலிக்கு வருபவருக்கு இதைக் கேட்டுப் பெறுவது எளிதல்ல என்பதை அறிவேன். முழுக்கூலியோடு என்ற சொல்லைச் சேர்க்காமல் இந்தக் கோரிக்கையை வைக்காதீர்கள்.

ஒருவர் பேச்சுக் குழறி, தள்ளாடி விழுந்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. கான்கிரீட் கலக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கழுத்துவரை இறக்குங்கள்; அது இல்லையேல் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அரைமணி நேரத்துக்குள் 39க்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மருத்துவமனையில், உள்வெப்பத்தை மலக்குடலில் அளந்து நேரத்தோடு குறிப்பில் எழுதுமாறு உடன் செல்லும் தோழர் கேட்க வேண்டும். வண்டியில் ஏற்றிய நேரத்தையும் குளிர்வித்த நேரத்தையும் அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். குளிர்ந்த பின் எடுத்த அளவு குறைவாக இருப்பது ஏன் என்பதற்கு அந்தத் தாள் வேண்டும்.

நாடிக்குறிப்பு எழுதுவதற்கான படிவம் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து வெளியே மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் எழுத இடமில்லை. வேலை, நேரம், மூன்று எண்கள், அவ்வளவே. ஒவ்வொரு கிளையும் தன் தளத்தில் ஒரு வாரம் எடுத்த குறிப்போடு அடுத்த வகுப்புக்கு வந்தால், ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கவேண்டிய மனுவை அன்றே உட்கார்ந்து எழுதிவிடலாம்.